பழவாசனை வீடு

எங்கள் சந்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் தூக்குவார்கள். இடது பக்கம் என் வெல்டிங் பட்டறை. இரும்பு கருகுகிற வாடை. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டுக் கொட்டகை. அங்கிருந்து கனிந்த பேரிக்காயை நசுக்கின மாதிரி ஒரு வாசனை. மரத்தைத் தேடிப் பார்ப்பார்கள். மரமும் இருக்காது, பழமும் இருக்காது.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. குடிவந்த அன்றைக்கே சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணே, ஒரு குழாயை ரெண்டு பக்கமும் துளி கசியாம மூடித் தருவீங்களா?" என்று கேட்டாள். அண்ணே என்று கூப்பிட்டவளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்றிலிருந்து அவள் தங்கச்சி, அவள் வீட்டுக்காரர் மாப்பிள்ளை. அவர் என்னை மச்சான் என்பார். மழை பெய்தால் இரண்டு வீட்டுத் தண்ணீரும் ஒரே சாக்கடையில் ஓடும். உறவுக்கு அது போதாதா?

அவள் படித்தவள். வெளியூரில் ஒரு பெரிய ஃபாக்டரியின் லேபில் வேலை பார்த்துவிட்டு, இன்னொருத்தர் அடுப்பில் எத்தனை நாள் சமைப்பது என்று வேலையை விட்டு வந்தவள். கொட்டகையில் அவள் செய்கிற வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். லைசென்ஸ் வாங்கின ஸ்பிரிட்டைச் சூடாக்கி ஆவியாக்குவாள். அந்த ஆவியை ஒரு சூடான குழாய்க்குள் விடுவாள். குழாய் நிறைய மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள். அவை வரும்போது வெள்ளையாக இருக்கும். பார்வைக்கு வழவழவென்று இருந்தாலும் உள்ளெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். அந்தத் துளைகளுக்குள் செம்பை ஏற்றி வைப்பாள். ஆவி செம்பைத் தொட்டுக்கொண்டு போகும்போது ஆளே மாறிவிடும். ஒரு முனையில் ஸ்பிரிட் போகும், மறு முனையில் மை கரைக்கிற, பசை கரைக்கிற பழவாசனைத் தண்ணி வரும்.

"செம்பு அதுல கரைஞ்சு போகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போகாதுண்ணே. அது கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு பக்கத்தையும் சேத்து வச்சிட்டுத் தான் பாட்டுக்கு நிக்கும்."

"அப்ப கமிஷன்?"

"நல்ல சூடு வேணும், சுத்தம் வேணும். அதான் கமிஷன்."

சந்து முனையில் ஒருத்தர் இருக்கிறார். 'ஈரநாக்கு' என்று பட்டப்பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட் பீப்பாய் இறங்குகிற அன்றைக்கெல்லாம் வாசலில் வந்து நின்று தலையில் அடித்துக்கொள்வார். "நல்ல சரக்கைக் கொண்டுபோய் மை கரைக்க ஊத்துறீங்களே, இந்தப் பாவத்தை எங்கம்மா கொண்டுபோய்க் கழுவுவீங்க?"

மாப்பிள்ளை, சந்துக்குப் பின்னாலேயே இருக்கிற பஸ் டிப்போவில் கேன்டீன் நடத்துகிறார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். டீ கிளாஸைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி கழுவுகிறவர். அவருடைய தங்கை அதே டிப்போவில் கண்டக்டர். அவளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்குள் பேசினால் கடைசி சீட் வரைக்கும் கேட்கும்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை, சுவர் காயவில்லை, என் வெல்டிங் ராடுகள்கூட ஈரமாகி, நெருப்பு பிடிக்காமல் துப்பின. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அழைப்பு வந்தது. ஒன்று, மைக்காரர். பிளாஸ்டிக் பைகளில் அச்சடிக்கிற மை தயாரிக்கிறவர். வெள்ளிக்கிழமை நேரில் வந்து சாம்பிள் பார்ப்பதாகவும், பிடித்தால் கொட்டகையில் வருகிற அத்தனையும் தனக்கே வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். இன்னொன்று அந்தப் பழைய ஃபாக்டரி. லேபுக்கே தலைவியாக வா, வீடும் தருகிறோம், சனிக்கிழமைக்குள் பதில் சொல் என்று கூப்பிட்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் முடிவாகச் சொன்னது சுவர் தாண்டி எனக்கே கேட்டது. "மைக்காரர் வேண்டாம்னுட்டா கொட்டகையைப் பூட்டிட்டு நான் கிளம்புறேன். எத்தனை நாள் உங்க கேன்டீனை நம்பியே ஓட்டுறது?"

"அண்ணி போனா நானும் போயிடுவேன்," என்றாள் கண்டக்டர்.

"நீ எங்கடி போவே?" என்றாள் தங்கச்சி.

"உங்க கூடத்தான். எங்க அண்ணன் கிளாஸைக் கழுவிட்டு இங்கயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை பக்கமிருந்து கிளாஸ் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. மறுநாள் கேன்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். "போகட்டும் மச்சான். அவ படிப்புக்கு அங்கதான் மரியாதை. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்தாப் போச்சு." வெங்காயம் நறுக்கும்போது இப்படிப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது, கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

பழைய உருண்டைகள் உழைத்துக் களைத்துப் போயிருந்தன. புதுசுக்குச் சொல்லியிருந்தாள். மூட்டை வந்து இறங்கின அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. லைசென்ஸ் விஷயமாக வெளியே போயிருந்தாள். லாரிக்காரன் மூட்டையை வாசல் சகதியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். கோணி ஒரு பக்கம் கிழிந்து, ஓரத்து உருண்டைகளெல்லாம் சேற்றில் குளித்திருந்தன. மாப்பிள்ளை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கேன்டீன் பின்கட்டுக்குப் போவதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து மூக்கைச் சுடுகிற ஒரு வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். முழங்கால் வரை லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பெரிய அண்டாவில் உருண்டைகளைப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசிக்கொண்டிருந்தார். பிறகு நல்ல தண்ணீரில் நாலு தடவை. பிறகு ரொட்டி சுடுகிற தட்டுகளில் பரப்பி ஓவனில் வைத்துக் காய வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, தங்கச்சி சொன்ன வேலையா?"

"எல்லாம் சொல்லித்தான் செய்யணுமா மச்சான்?" என்று கண்ணைச் சிமிட்டினார். "அவகிட்ட மூச்சு விடாதீங்க. வேலை நல்லபடியா முடிஞ்சதும் நானே சொல்லி அசத்துறேன்."

புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூக்கை நுழைத்து உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். நான் ராடை எடுத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்த தங்கச்சி உருண்டைகளைப் பார்த்துப் பூரித்துப் போனாள். "பாருங்கண்ணே, பூ மாதிரி வெள்ளையா அனுப்பியிருக்காங்க. போன தடவைகூட இவ்வளவு சுத்தமா வரலை." மாப்பிள்ளை கதவோரம் நின்று, தன்னைத்தான் புகழ்கிறாள் என்று தெரிந்தும் தெரியாதவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவள் கொட்டகையை விட்டு அசையவில்லை. செம்பு உப்பைக் கரைத்த நீலத் தண்ணீரில் உருண்டைகளை ஊறப் போட்டாள். வெள்ளை உருண்டைகள் வானத்து நிறத்துக்கு வந்தன. வடித்து, உலர்த்தி, உலையில் சுட்டாள், கறுத்துப் போயின. குழாய்க்குள் நிரப்பி, ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் சூடு தலைக்கேறிப் பாழாகிவிடுமாம். பொறுமையாக விட்டால் கறுப்புப் போய், செம்பு கண் திறக்கும் என்பாள். சோறு ஆறிக்கொண்டிருக்கும், கண்டக்டர் பிசைந்து கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவாள். "வாயைத் திறங்க அண்ணி, அடுத்த ஸ்டாப்பிங் வயிறு."

செவ்வாய்க்கிழமை காலையில் ஆவியை உள்ளே விட்டாள். குழாயின் கடைசியில் தண்ணீர் நிறைத்த ஒரு கண்ணாடிப் பாட்டில் உண்டு. வேலை நடந்தால் ஸ்பிரிட்டிலிருந்து பிரிகிற ஹைட்ரஜன் அதில் குமிழியாக வந்து, கூரை மேலே போகிற குழாயில் வெளியேறும். அன்றைக்குக் குமிழி சடசடவென்று வந்தது. பழவாசனையும் லேசாக எட்டிப் பார்த்தது. மத்தியானம் குமிழி இளைத்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நின்றே போனது.

சூட்டை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். மூடிகளில் கசிவு இருக்குமோ என்று நான் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குற்றமும் இல்லை. உள்ளே போன ஸ்பிரிட் ஸ்பிரிட்டாகவே வெளியே வந்து சொட்டியது. வாசலில் வந்து நின்ற ஈரநாக்கு, காற்றை ஆழமாக இழுத்து, முகமெல்லாம் பல்லாக, "இப்பத்தாம்மா உனக்குத் தொழில் கைகூடி வந்திருக்கு," என்றார். கண்டக்டர் அவரைக் கடைசி ஸ்டாப்பிங் வரை துரத்திவிட்டு வந்தாள்.

தங்கச்சி உருண்டை அனுப்பினவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அவர், "போன தடவை அனுப்பின அதே சரக்குதாம்மா, ஒரே சூளை," என்று சத்தியம் செய்தார். போனை வைத்தவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் போடுகிற கணக்கு எனக்கும் புரிந்தது. உப்பில் கோளாறு இல்லை, உருண்டையில் கோளாறு இல்லை, குழாயில் கோளாறு இல்லை என்றால் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதானே?

புதன்கிழமை காலை. விடாத தூறல். கொட்டகை அமைதியாக இருந்தது. தங்கச்சி அடுப்படிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போன் போட்டு, 'வருகிறேன்' என்று சொல்லிவிடலாமா என்று யோசனை. நான் ஆறுதல் சொல்லலாம் என்று போய், சொல்லத் தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கேன்டீனிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். டீ ஊற்றினார். பிஸ்கட் உடைகிற சத்தம் மட்டும் படக், படக் என்று கேட்டது.

கண்டக்டர்தான் ஆரம்பித்தாள். "ஊரே நமத்துப்போய்க் கிடக்கு. டிப்போ டிக்கெட் கட்டு நமத்துப் போச்சு, டைம்கீப்பர் நமத்துப் போயிட்டாரு. உன் பிஸ்கட் மட்டும் எப்படிண்ணா இப்படி மொறுமொறுன்னு இருக்கு?"

மாப்பிள்ளைக்குத் தன் பிஸ்கட்டைப் புகழ்ந்தால் போதும், சூழ்நிலை மறந்துவிடும். "அது உங்க அண்ணி சொல்லிக்குடுத்த வித்தை. அந்த வெள்ளை உருண்டை ஈரத்தைக் குடிக்கும்னு சொல்லியிருக்காள்ல? துணியில முடிஞ்சு டின்னுக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்."

தங்கச்சி டீயைக் கீழே வைத்தாள். "எந்த உருண்டை?"

"புது மூட்டையிலதான். கழுவுறதுக்கு முன்னாடி நடுவுல நல்லதா இருந்ததை நாலு கை அள்ளி..."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"கழுவுறதுக்கு முன்னாடியா?" அவள் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "என்னத்தைக் கழுவுனீங்க?"

"சகதியில கிடந்துச்சும்மா. நீ பாத்தா மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"எதுல கழுவுனீங்க?"

"வெறும் தண்ணிதான்."

"என்னங்க!"

"...முதல்ல கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். கேன்டீன் தரைக்குப் போடுறது. பளிச்சுனு ஆயிடுச்சுல்ல? நீயே பூ மாதிரி இருக்குன்னு சொன்னியே."

எனக்கு அந்த மூக்கைச் சுட்ட வாடை அப்போதுதான் விளங்கியது. கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி எழுந்து நின்றாள். மாப்பிள்ளை கரண்டியைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டார்.

"அது குளோரின்! துளைக்குள்ள போய் உக்காந்துக்கும், நீங்க நாப்பது தண்ணி ஊத்தினாலும் போகாது. செம்பு துளைக்குள்ள பொடிப்பொடியா, தனித்தனியா இருந்தாத்தாங்க வேலை செய்யும். குளோரின் பட்டா அது ஓடிப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கட்டிகட்டியா ஆயிடும்."

"வேலை நேரத்துல கும்பல் சேந்து அரட்டை அடிக்கிற மாதிரியா?" என்றேன் நான், நிலைமையைக் கொஞ்சம் இளக்கலாம் என்று.

"அதேதாண்ணே!" என்று என் மேலும் பாய்ந்தாள். திரும்ப அவரைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே. அப்புறம் நீயே உக்காந்து ஒவ்வொண்ணா துடைப்பே. எனக்குத் தெரிஞ்சது கழுவுறது ஒண்ணுதான். அதையாவது உனக்குச் செய்யலாம்னு பாத்தேன்." அவர் குரல் உடைந்தது. பக்கத்தில் வெங்காயம் இல்லை. "நீ போகக் கூடாதுன்னு வாயால சொல்லத் தெரியலை. கழுவிட்டேன்."

தங்கச்சி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீரும் இருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாவி மனுஷா! ராத்திரியெல்லாம் என் கை கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே எனக்கு இந்த வேலை வராதுன்னு நினைச்சேன். என் கை நல்லாத்தான் இருக்கு. நாசமாக்கினது நீங்களா!"

"ஆமாம்மா, நான்தான்," என்றார் மாப்பிள்ளை ஆவலாக, யாரோ பரிசுக்குக் கூப்பிட்ட மாதிரி.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் டின்னைத் திறந்து துணி முடிச்சை வெளியே எடுத்திருந்தாள். அவிழ்த்து, உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்தாள். "எத்தனை டின் இருக்கு?"

"எட்டு. எல்லாத்துலயும் ஒரு முடிச்சு."

"பெரிய குழாய்க்கு எந்த மூலைக்கும் காணாது." அவள் கண் என் பக்கம் திரும்பியது. "அண்ணே, முதல் முதல்ல எனக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தீங்களே, கட்டைவிரல் தடிமன் குழாய்? பெருசு வந்ததும் திருப்பிக் குடுத்தேனே, அது இருக்கா?"

இருந்தது. என் பட்டறை ஜன்னலில் திரை தொங்கவிட்டு வைத்திருந்தேன். திரையை உருவிப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

அதற்குள் கண்டக்டர் டிப்போவுக்குப் பறந்திருந்தாள். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், அவள் அலமாரியில் ஏறி ஒவ்வொரு டின்னாகத் திறந்து, வயிற்றுக்குள் கைவிட்டு ஈரல் எடுப்பது போல முடிச்சை எடுத்து டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு, விசில் ஊதாத குறையாக ஓடியிருக்கிறாள். எல்லாம் சேர்ந்து இரண்டு டம்ளர் அளவு தேறியது. தங்கச்சி முகர்ந்து பார்த்தாள். "லேசா வெண்ணெய் வாசனை அடிக்குது. பரவாயில்லை, உலையில எரிஞ்சு போயிடும்."

மறுபடி நீலம், மறுபடி கறுப்பு, மறுபடி பொறுமை. இந்தத் தடவை மாப்பிள்ளை கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கை இரண்டையும் மடியில் கட்டி வைத்திருந்தார். "எதையும் தொடாதீங்க," என்று அவள் சொன்னது ஒரே ஒரு தடவை. அவர் தன் டீ கிளாஸைக்கூடக் கழுவவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று புரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் சின்னக் குழாயில் ஆவி போயிற்று. நாங்கள் நாலு பேரும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் எண்ண முடியாமல் வந்தது. பொழுது சாய்ந்தது, குமிழி சாயவில்லை. காலையில் நான் பட்டறை திறக்கும்போது சந்து முழுக்கப் பேரிக்காய் வாசனை. ஈரநாக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார். "நல்லா இருந்த வீட்டை மறுபடி கெடுத்துட்டாங்கய்யா."

வெள்ளிக்கிழமை மைக்காரர் வந்தார். தொப்பை முதலில் வந்தது, குடை அடுத்து, அவர் கடைசியாக. பேச்சில்லாத மனுஷர். தங்கச்சி நீட்டின பாட்டிலைத் திறந்து மோந்தார். தான் கொண்டுவந்த சிவப்பு மையில் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி, ஒரு பிளாஸ்டிக் தாளில் பட்டையாக இழுத்தார். வாயால் ஊதினார். விரலால் தேய்த்தார். விரலில் ஒட்டவில்லை. இன்னொரு பட்டை இழுத்தார். அதிலும் ஒட்டவில்லை. 

"பெரிய குழாய் எப்ப ஓடும்?" என்று கேட்டார்.

"புது உருண்டை திங்கக்கிழமை வருது. அடுத்த வாரக் கடைசியில ஓடும்ங்க," என்றாள் தங்கச்சி. "இந்தத் தடவை நான் வீட்டுலயே இருப்பேன்."

"அப்ப முதல் பீப்பாயிலேருந்து எனக்கு. வேற யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா."

அவ்வளவுதான். கண்டக்டர் என் கையைக் கிள்ளியதில் ரத்தம் கட்டிவிட்டது. மாப்பிள்ளை ஓடிப்போய் டீ கொண்டுவந்தார். தட்டு நிறைய பிஸ்கட். மைக்காரர் ஒன்றை எடுத்துக் கடித்தார். அது உடையவில்லை. வளைந்தது.

"என்னங்க இது, பிஸ்கட் இப்படி நமத்துப் போயிருக்கு?"

 கண்டக்டர்தான் முதலில் சிரிப்பு தாங்காமல் வெடித்தாள். மைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

"ஆமாங்க, நமத்துத்தான் போச்சு," என்றார் மாப்பிள்ளை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "மழை விடுற வரைக்கும் எங்க கேன்டீன்ல இப்படித்தான் இருக்கும். டிப்போவே திட்டுது. திட்டட்டும்."

அப்போது தங்கச்சியின் போன் அடித்தது. ஃபாக்டரி. ஒரு நாள் முன்னாலேயே பதில் கேட்டுக் கூப்பிடுகிறார்கள்.  அவள் மாப்பிள்ளை கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, துவண்டு தொங்கினதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சார்... இல்லை சார், வரலை. வாயிலயா? பிஸ்கட் சார்." அவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். "எங்க வீட்டுக்காரர் கேன்டீன் பிஸ்கட்."